கஷ்டத்துக்கு எத்தனை மார்க்

"சௌகரியமா?" என்று கேட்டார் டுவெய்ன் குபிசெக். "அது உனக்குச் சௌகரியமாத் தெரிஞ்சுதா, லைல்?"

டுவெய்னின் கையில் ஒரு கேசட் இருந்தது. கேசட்டுக்குள் லைல் ஹெண்டர்ஷாட்டின் குரல் இருந்தது. ஆட்டம் நடக்கும்போதே நடுவர்கள் டேப் ரெக்கார்டரில் பேசிக்கொண்டு வரவேண்டும். அந்த கேசட்டை அணிக்குக் கொடுத்துவிடுவார்கள். லைல் பேசிக்கொண்டே வந்ததில், "பிள்ளைங்க ரொம்பச் சௌகரியமா இருக்காங்க" என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. இருபதுக்குப் பன்னிரண்டு போட்டிருந்தார்.

அயோவாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடம். போட்டி முடிந்ததும் நடுவர்கள் அங்கே ஆளுக்கொரு மேஜையில் உட்காருவார்கள். டிரம்மும் பித்தளைக் குழல்களும் வாசித்துக்கொண்டே கொடிகளோடு மைதானத்தில் அணிவகுக்கும் டிரம் கோர் அணிகளின் தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஏன் இந்த மார்க் என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். விசாரித்துவிட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது.

"என் பசங்க பின்பக்கமா ஓடுறாங்க. ஓடிக்கிட்டே ஊதுறாங்க. ஊதிக்கிட்டே திரும்புறாங்க. அந்தப் பெரிய டியூபாவை ஊதற பொண்ணு பிராண்டியைப் பார்த்தியா இல்லையா? ஒரு கன்னுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பாடிட்டே ஓடற மாதிரி வேலை அது."

"அவ சிரிச்சுக்கிட்டே ஓடினாளே, டுவெய்ன்."

"சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்."

பின்னால் நின்றிருந்த பெற்றோர்கள் சிலர் "ஆமா" என்றார்கள். டுவெய்ன் எப்போதும் நாலைந்து பெற்றோர்களைக் கூடவே அழைத்து வருவார். அவர்களுக்கும் கேட்கும்படிதான் பேசுவார்.

லைல் பள்ளிக்கூட பேண்டு வாத்தியாராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனுஷன் புல்லை மழித்தே தோட்டத்தைக் கட்டாந்தரையாக்கிவிடுவார் என்று மனைவி வெர்னா கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, போட்டிகளை நடத்தும் சங்கம் புதிதாக ஒரு நாற்காலி போட்டது. எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்கள், பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதற்கெல்லாம் ஏற்கெனவே நடுவர்கள் உண்டு. இந்தப் புது நடுவர் பார்க்கவேண்டியது, பிள்ளைகள் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை மட்டும். உடம்புக்கு எவ்வளவு கஷ்டம், வாசிப்புக்கு எவ்வளவு கஷ்டம், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எவ்வளவு கஷ்டம். லைல் அதை வாழ்நாள் கௌரவமாக எடுத்துக்கொண்டார். முதலில் வந்து கை குலுக்கியவர் டுவெய்ன்தான். இருவரும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். லைலின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவர்தான். வருஷாவருஷம் இருவரும் ஒரே படகில் மீன் பிடிக்கப் போவார்கள்.

டுவெய்னின் அணிக்கு ரிவர் ஹெரன்ஸ் என்று பெயர். தொப்பியில் இறகு செருகியிருப்பதால் எல்லோரும் கொக்குகள் என்றே சொல்வார்கள். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். ஆனால் அந்த வருஷம் அவர்கள் ஆடிக் காட்டிய கதை, தபால் துறையின் வரலாறு. டுவெய்னே உட்கார்ந்து யோசித்தது. குதிரைத் தபாலில் தொடங்கும். நடுவில் விமானத் தபால் வரும். கடைசியில் கொடி பிடிக்கும் பெண்களெல்லாம் பெரிய உறைகளாக மாறித் தங்களைத் தாங்களே மடித்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் கைதட்டுவது என்று தெரியாமல் ஜனங்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் லைல் வெர்னாவிடம் நடந்ததைச் சொன்னார்.

"சிரிச்சா கஷ்டமில்லைன்னு யாரு சொன்னது?" என்றாள் வெர்னா. அடுப்பிலிருந்து கேசரோல் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "உங்கம்மா நம்ம வீட்டுல வந்து தங்கினப்பல்லாம் நான் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

லைலுக்கு இது புதுச் செய்தி. சாப்பிடும்போது அதைப் பற்றியே யோசித்தார். பிள்ளைகள் கஷ்டத்தை மறைக்கிறார்கள். மறைத்ததை நடுவர் எப்படிப் பார்ப்பது? கொஞ்சம் வெளியே தெரிந்தால் எல்லோருக்கும் நல்லது.

அடுத்த போட்டி விஸ்கான்ஸினில். அணிகளுக்குச் சமைத்துப் போடும் லாரிக்குப் பக்கத்தில் பிராண்டி உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ளேயே கறியையும் சீஸையும் கொட்டிக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தாள். லைல் நல்லெண்ணத்தோடுதான் போனார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதே. நீங்க படற பாடு வெளிய தெரியவே மாட்டேங்குது. கொஞ்சம் தெரிஞ்சா நான் மார்க் போட வசதியா இருக்கும்."

"எப்படித் தெரியணும் சார்?"

"இயல்பா."

பிராண்டி அதை அணியில் சொன்னாள். இயல்பு என்ற வார்த்தை மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. அன்று கொக்குகள் மைதானத்துக்குள் வரும்போதே மூச்சிரைத்துக்கொண்டு வந்தார்கள். டிரம்பெட் பையன் ஒருவன் இரண்டு சுரத்துக்கு ஒருமுறை நெற்றி வேர்வையைச் சுண்டிப் போட்டான். கொடிப் பெண் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். விமானத் தபால் வந்தபோது, ஒரு வரிசை முழுக்க ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள் மாதிரி நொண்டியது.

லைல் மகிழ்ச்சியோடு பதினாறு போட்டார்.

இசை நடுவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். மூச்சிரைத்துக்கொண்டே ஊதினால் பித்தளைக் குழல், கட்டெறும்பு கடித்த எருமை மாதிரிதான் கத்தும். வெளியே அறிவிப்பது மொத்த மார்க்கை மட்டும்தான். அதில் கொக்குகள் இரண்டு இடம் கீழே போயிருந்தார்கள்.

"மூச்சிரைக்கச் சொன்னது நீயா?" என்றார் டுவெய்ன். இந்த முறை பெற்றோர் கூட்டம் பெரிதாகியிருந்தது.

"நான் இயல்பான்னுதான் சொன்னேன்."

"உன் மார்க்குக்காக அவங்க ஊதறதைக் கெடுத்துக்கிட்டாங்க. கேட்டீங்களா எல்லாரும்? இந்த ஆளு ஒருத்தராலதான்."

"டுவெய்ன், நான் உனக்கு நாலு மார்க் ஏத்தித்தானே போட்டேன்."

"ஒரு தடவையாவது ஒரு டிரம்மை மாட்டிக்கிட்டு ஓடிப் பார்த்திருக்கியா நீ? கஷ்டம்னா என்னன்னு உனக்கு என்ன தெரியும்?"

இது லைலுக்கு உறைத்தது. நியாயமான கேள்விதானே. அந்த வாரமே கொக்குகள் ஒத்திகை பார்க்கும் கார் நிறுத்துமிடத்துக்கு, வெள்ளை டென்னிஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். டுவெய்ன் பெற்றோர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். மடக்கு நாற்காலிகள் போட்டு, எலுமிச்சை ஜூஸ் கரைத்து, திருவிழா மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அரைவட்டமாகச் சேர்த்துக் கட்டிய ஐந்து டிரம்களை அவர் வயிற்றுக்கு நேரே மாட்டினார்கள். மாட்டியதும் லைலுக்குத் தன் கால்கள் தெரியவில்லை.

"பின்பக்கமா ஓடணும் சார்," என்றாள் பிராண்டி. "குதிகால் தரையில படக்கூடாது. தோள் ஆடக்கூடாது. அடிக்கறதை நிறுத்தக்கூடாது."

"எங்கே பார்க்கறது?"

"முன்னாடி."

"போறது பின்னாடி."

"ஆமா சார்."

லைல் ஓடினார். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. ஒரு தாய் கைகூடத் தட்டினாள். பிறகு அடி தப்பியது. அடியைப் பிடிக்கப் போனதில் கால் தப்பியது. காலைப் பிடிக்கப் போனதில் திசை தப்பியது. குடிதண்ணீருக்கு ஐஸ் போட்டு வைத்திருந்த பெரிய தொட்டியில், ஐந்து டிரம்களும் மேலே இருக்க அவர் கீழே இருக்க, மல்லாக்க விழுந்தார். தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அதில் இரண்டு பேர் சிரித்ததால் மறுபடி ஒருமுறை விழுந்தார்.

முதுகுக்கு டாக்டர் ஒரு பட்டை கட்டிவிட்டார். வெர்னா அவரைக் காரின் பின் சீட்டில் படுக்கவைத்தே அடுத்த போட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

"வீட்டுல இருந்திருக்கலாம்," என்றாள்.

"இப்பதான் எனக்குப் புரிஞ்சிருக்கு, வெர்னா. இப்ப போய் எப்படி விடறது?"

புரிந்ததுதான் பிரச்சினை. முதுகு வலியோடு பார்த்தபோது எல்லாமே கஷ்டமாகத் தெரிந்தது. டிரம்மை மாட்டிக்கொண்டு சும்மா நிற்பதே கஷ்டம். குனிந்து கொடியை எடுப்பது வீரம். டேப்பில் பாதிக்கு மேல் "ஐயோ" என்றும் "பார்த்து" என்றும்தான் பதிவாகியிருந்தது. அன்று ஆடிய அத்தனை அணிக்கும் பத்தொன்பது போட்டார்.

சாப்பாட்டுக் கூடத்து மேஜையில் மற்ற அணித் தலைவர்கள் அருமையாக நடந்துகொண்டார்கள். யாரும் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் முதுகுக்கு இதமாகத் தலையணை கொண்டுவந்தார். மினசோட்டா அணியை நடத்தும் பெண், தன் கையால் சுட்ட ரூபார்ப் பை என்ற இனிப்புப் பண்டத்தை வைத்துவிட்டு, "மனசுல எதையும் போட்டுக்காதீங்க, லைல். நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். பண்பட்ட மனிதர்கள் என்று லைல் நினைத்துக்கொண்டார்.

டுவெய்ன் மட்டும் உட்காரவே இல்லை.

"எல்லாருக்கும் பத்தொன்பது. அப்ப என் பசங்க ஓடினதுக்கும், அந்த மினசோட்டாக்காரங்க சும்மா நடந்ததுக்கும் ஒரே மார்க்கா?"

"நடக்கறதும் லேசில்ல, டுவெய்ன்."

"கேட்டீங்களா?" என்று டுவெய்ன் பெற்றோர்களைப் பார்த்துச் சொன்னார். "இந்தக் கொக்குங்க இந்த வருஷம் ஜெயிக்கலைன்னா, காரணம் இந்த நாற்காலிதான். வேற யாரும் இல்ல."

லைல் அன்று உறங்கவில்லை. முதுகும் ஒரு காரணம். தப்பு தன்னுடையதுதான் என்று முடிவுக்கு வந்தார். முதலில் கல்நெஞ்சாக இருந்தார். பிறகு வெளிவேஷத்தில் ஏமாந்தார். அப்புறம் தன் வலியைப் பார்த்துப் பிறருக்கு மார்க் போட்டார். இனிமேல் உருக்கம் கிடையாது, நடிப்புக்கு இடமும் கிடையாது. காலையும் விரலையும் மட்டும் பார்ப்பது.

அந்த உறுதியோடு அவர் உட்கார்ந்த போட்டி இல்லினாயில், உச்சி வெயிலில் நடந்தது. செயற்கைப் புல் வறுத்த ரப்பர் மாதிரி நாறியது. கொக்குகள் மூச்சிரைப்பதை விட்டுவிட்டிருந்தார்கள். விமானத் தபால் வந்தது. டியூபா வரிசை பின்பக்கமாக ஓடிவந்து, சரியாக லைலுக்கு எதிரே திரும்பியது. திரும்பிய இடத்தில் பிராண்டி முழங்காலில் விழுந்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். டியூபா அவள் மேல் விழுந்தது.

லைல் ரெக்கார்டரை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"இதெல்லாம் நான் ஏற்கெனவே பார்த்தாச்சும்மா," என்றார். "எழுந்திரு. இந்த நடிப்புக்கெல்லாம் மார்க் கிடையாது." பத்து போட்டார்.

ஸ்ட்ரெச்சர் வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. நல்லவேளையாக வெயில் மயக்கத்தோடு போயிற்று. கழுத்திலும் கக்கத்திலும் ஐஸ் வைத்துப் படுக்கப்போட்டிருந்தார்கள். அன்றைக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கேசட் டுவெய்னிடம் போய்விட்டது. பஸ்கள் நிற்கும் இடத்தில், பிள்ளைகளையும் பெற்றோர்களையும் கூட்டிவைத்து, அறிவிப்புக்கு வைத்திருக்கும் ஒலிபெருக்கியில் அதைப் போட்டுக் காட்டினார். "எழுந்திரு" என்று லைலின் குரல் கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. மன்னிப்புக் கேட்க அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த லைலுக்கும் கேட்டது. அவர் அப்படியே திரும்பி வெர்னாவின் காருக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு டுவெய்ன் அவரோடு பேசவில்லை. மீன் பிடிக்கும் படகிலிருந்த லைலின் தூண்டில், வலை, குளிர்பெட்டி எல்லாம் ஒருநாள் அவர் வீட்டு வாசலில் கிடந்தன. மளிகைக் கடையில் கொக்குகளின் தாய் ஒருத்தி அவரைப் பார்த்துவிட்டுத் தன் தள்ளுவண்டியை வேறு வரிசைக்குத் திருப்பிக்கொண்டாள். உள்ளூர் வானொலியில் டுவெய்ன் பேட்டி கொடுத்தார். "எங்க ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல. ஒரே ஒரு மனுஷன் குறுக்க நிக்கறாரு. பேரைச் சொல்ல விரும்பல," என்றவர், கொஞ்சம் பொறுத்து பெயரையும் சொன்னார்.

"விட்டுடு லைல்," என்றாள் வெர்னா. "ராஜினாமா பண்ணு."

"நான் போனா, அவங்களுக்குச் சரியா மார்க் போட யாரு இருக்கா?"

வெர்னா அவர் முதுகுப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

ஆகஸ்டில் இறுதிச் சுற்று. காலையிலிருந்து எல்லா அணிகளும் ஆடும். முதல் பன்னிரண்டு அணிகள் மட்டும் மறுநாள் ஆடலாம். லைல் அன்று கொக்குகளுக்கு எவ்வளவு போடுவது என்று தவித்துப்போனார். கூட்டிப் போட்டால் பயந்து போட்டது மாதிரி இருக்கும். குறைத்துப் போட்டால் பழிவாங்கியது மாதிரி இருக்கும். கடைசியில் நடுவாகப் பதினான்கு போட்டார்.

கொக்குகள் பதின்மூன்றாவதாக வந்தார்கள். அரை மார்க்கில் போயிற்று.

மைதானத்துக்கு வெளியே பிள்ளைகள் புல்லில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். இருபத்தொரு வயது தாண்டினால் அணியில் ஆட முடியாது என்பது விதி. பிராண்டிக்கு இதுதான் கடைசி வருஷம். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். டுவெய்ன் தூரத்தில் பெற்றோர்கள் நடுவே நின்று, லைல் வருவதைப் பார்த்துவிட்டு விரலை நீட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லைல் அதையெல்லாம் கடந்து பிராண்டியிடம் போனார்.

"மன்னிச்சுக்கோம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். நெஜமாவே அது உங்களுக்கு ஈஸியாத் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. ஒருநாளும் இல்ல."

"அப்புறம் ஏன் சார்?"

லைல் திரும்பி நடந்தார். அந்தப் பட்டையோடு முடிந்த வேகத்தில், மைதானத்தின் மாடிப்படி ஏறி மார்க் கூட்டும் அறைக்குப் போனார்.

அங்கே ஃபிலிஸ் ஆட் என்ற அம்மாள் கணக்கு மிஷினைத் தள்ளி வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாக மார்க் கூட்டுவது அவள்தான்.

"ஃபிலிஸ், இன்னைக்கு நான் கொக்குங்களுக்குப் போட்ட மார்க் தப்பு," என்றார் லைல். மூச்சு வாங்கியது. "நான் எழுதித் தர்றேன். என்னை நீக்கிடட்டும், பேரைக் கெடுக்கட்டும், பரவாயில்ல. ஒரு மார்க் ஏத்திப் போடுங்க. அந்தப் பிள்ளைங்க நாளைக்கு ஆடணும்."

ஃபிலிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுல ஏத்தறது?"

"மொத்தத்துல."

"மொத்தத்துல உங்க மார்க் இல்லையே."

லைலுக்கு விளங்கவில்லை.

"இது வெள்ளோட்ட வருஷம், லைல். கஷ்டத்துக்கு மார்க் போட முடியுதான்னு பார்க்கறதுக்காக உங்களை உட்கார வச்சாங்க. நீங்க போட்டதை வாங்கி வச்சுப்பேன், கூட்டமாட்டேன். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். அவங்க தோத்தது மத்த எல்லா நடுவர்கிட்டயும்தான்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொன்னா நீங்க மனசு வச்சுப் போடமாட்டீங்கன்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்க. அணித் தலைவருங்க கூட்டத்துல மட்டும்தான் இதைப் பேசினோம். உட்காருங்க, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு."

லைல் உட்கார்ந்தார். ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகள் பஸ்ஸில் டியூபாக்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு தகப்பன் மேலே பார்த்து, இவர் முகம் தெரிந்ததும் கையை ஆட்டித் திட்டினான். லைல் கொஞ்ச நேரம் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு அவர் முகம் லேசாகத் தெளிந்தது.

"அப்ப டுவெய்னுக்கு இது தெரிஞ்சிருக்காது," என்றார். "பாவம், அவன் அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டான். அதான் இவ்வளவு கோபம். நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

ஃபிலிஸ் சாலட் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"வராம என்ன. உங்க மார்க்கைக் கூட்டக்கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவந்ததே அவருதானே."